ஜருகண்டி இல்லாத வரிசை

ஒலிம்பிக்கில் ஒரு ஹாக்கி அணிக்கு 16 பேர்தான் என்பது நெடுநாள் கணக்கு. உலகக் கோப்பைக்கும் ஆசிய விளையாட்டுக்கும் 18 பேரை அழைத்துப் போகலாம் என்று இருந்த காலத்தில் அந்தப் பட்டியலில் இரண்டு கோல்கீப்பர்கள் இருப்பார்கள். ஒலிம்பிக் வந்து இரண்டு இடம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது இரண்டாவது கோல்கீப்பரின் பெயர்தான். 36 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற இந்திய மகளிர் அணியில் கோல்கீப்பர் ஹரியாணாவின் சவிதா பூனியா. ரிசர்வ் கோல்கீப்பர் ரஜனி எதிமர்பு. இவர் அன்றைய சித்தூர் மாவட்டத்தில், தலக்கோணா அருவி இருக்கும் எர்ராவாரிபாலெம் மண்டலத்தின் எனுமுலவாரிபல்லி என்ற கிராமத்திலிருந்து வந்தவர். 2022 ஏப்ரல் 4 மாவட்டப் பிரிவினையில் அந்த மண்டலம் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. ரியோவுக்கு ஐந்து ஆண்டு கழித்து 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இதே ஏற்பாடுதான்: கோலில் சவிதா, ரிசர்வாக ரஜனி. இரண்டு ஒலிம்பிக், ஒரு நிமிட ஆட்டம்கூட இல்லை. அதே ரஜனி 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்த முதல் ஐவர் ஹாக்கி உலகக் கோப்பையில் இந்திய அணியின் கேப்டன். அணி வெள்ளி வென்று திரும்பியது. ரிசர்வ் வீரர் நட்சத்திரமாகும் கதையைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று சொல்வது நமக்கு வழக்கம். ரஜனியின் பாதையை அதே வகைப் பிற பாதைகளோடு வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். எத்தனை நாள் காத்திருந்தார் என்பதைவிட, வெளியேற எத்தனை கதவு இருந்தது, நாற்காலியைப் பகிர்ந்துகொள்ள விதி இடம் கொடுத்ததா, நாற்காலியில் இருந்தவருக்கு என்ன வயது என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

திருப்பதிக்காரர்களுக்கு வரிசை புதிதல்ல. திருமலைக் கோயிலின் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் எத்தனை மணி நேரம் அடைந்து கிடந்தாலும், நின்றவருக்குத் தரிசனம் உண்டு. காரணம் பக்தரின் பொறுமை மட்டும் இல்லை. சந்நிதி வாசலில் நின்றுகொண்டு 'ஜருகண்டி, ஜருகண்டி' என்று தள்ளிவிடும் கைகள் இருக்கின்றன; உள்ளே போனவர் எவரானாலும் சில நொடிகளில் வெளியே வந்தாக வேண்டும். விளையாட்டில் ஒற்றை ஆள் நிற்கும் இடங்களுக்கு, ஹாக்கி கோலுக்கும் கிரிக்கெட் ஸ்டம்புக்குப் பின்னாலும், இப்படி நகர்த்துகிற கை கிடையாது. முன்னால் நிற்பவர் நன்றாக ஆடினால் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட நிற்பார். அது அவர் தப்பும் அல்ல. ஆனால் பின்னால் நிற்பவரிடம் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று சொல்லும்போது, நகரும் வரிசையின் அறத்தை நகராத வரிசைக்குப் பொருத்துகிறோம்.

ரிசர்வாக இருந்து ஒரே இரவில் நாயகனாவதைத் தனியொரு புராணமாகவே வளர்த்திருப்பது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து. அது நம் ஊர்க் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று கணத்தில் முடிவெடுப்பவர். களத்தில் ஒரு நேரத்தில் அநேகமாக ஒரே ஒரு குவார்ட்டர்பேக்தான். ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகமும் பள்ளிகளில் பெயர்பெற்ற மூன்று, நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒருவரை மட்டும் இறக்கும். 2014இல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் பருவம் தொடங்குமுன்பே காயப்பட்டார், அடுத்தவர் ஜே.டி. பேரட் பருவ இறுதியில் கணுக்கால் முறிந்து வெளியேறினார். மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் இறங்கிய மூன்று ஆட்டங்களில் விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என்று வென்று 2015 ஜனவரியில் தேசியப் பட்டம் கொண்டுவந்தார். ஊடகங்களுக்கு அது அதிசயமாகப் பட்டது. எனக்கு அதிசயமாகப் படுவது வேறு. மூன்றாவது இடத்தில் இருந்தவருக்கு அந்தத் தரம் முன்பே இருந்திருக்கிறது. இரண்டு பேரின் காலும் தோளும் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் அதைக் கண்டறிய அந்த அமைப்பிடம் எந்தக் கருவியும் இல்லை. பின்கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அடுத்த பருவத்தின் நடுவிலேயே நாற்காலி பேரட்டிடம் திரும்பிப் போனது.

அதே பல்கலைக்கழகத்தின் பெஞ்சில் அடுத்த ஆண்டுகளில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் ஜோ பர்ரோ. அவர் காத்திருக்கவில்லை. 2018இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2019 பருவத்தில் அணி 15 ஆட்டங்களையும் வென்றது, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்கு வந்தது. அந்த விருதில் இரண்டாம் இடம் பெற்ற ஜேலன் ஹர்ட்ஸ் கதை இதைவிடக் கூர்மையானது. 2018 ஜனவரி 8 அன்று தேசிய இறுதியாட்டத்தின் இடைவேளையில், அலபாமா 0-13 என்று பின்தங்கியிருந்தபோது அவரை உட்காரவைத்து முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார்கள். டுவா ஆட்டத்தை 26-23 என்று வென்று கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் டுவா காயப்பட, ரிசர்வாகிவிட்டிருந்த ஹர்ட்ஸ் இறங்கி ஜார்ஜியாவை 35-28 என்று மடக்கினார். அதன் பின்னும் அவர் அங்கே இருக்கவில்லை. ஓக்லஹோமாவுக்குப் போனார், அங்கிருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு. 2025 பிப்ரவரியில் சூப்பர் போலை வென்ற அணியின் குவார்ட்டர்பேக்கும் ஆட்ட நாயகனும் அவர்தான். ஜோன்ஸ், டுவா இருவருக்கும் கதவைத் திறந்தது காயமும் பயிற்சியாளரின் துணிச்சலும். பர்ரோ, ஹர்ட்ஸ் இருவருக்கும் திறந்தது வேறு ஊரில் இருந்த காலி நாற்காலி. 2018 அக்டோபரில் மாணவ ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறுவதற்கென்று தனிப் பதிவு முறையே வந்தது. 2021இல் முதல் முறை மாறுபவர் ஓராண்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கியது. அதே 2018இல், நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் தகுதியாண்டு ஒன்று கழியாது என்றும் விதியைத் தளர்த்தினார்கள். பெஞ்சில் இருப்பவரைக் கொஞ்சமாவது ஆடவிட்டுப் பார்க்க அது வழிசெய்தது.

வேறு ஊரின் காலி நாற்காலி என்ற இந்த இரண்டாவது வகைக் கதவு இந்திய ஹாக்கி கோல்கீப்பருக்கு அறவே கிடையாது. நாட்டுக்கு ஒரே தேசிய அணிதான். அதைவிட்டு இன்னொரு நாட்டுக்குப் போய்விட முடியாது. எனவே முன்னால் இருப்பவர் யார் என்பதே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. ரஜனிக்கு முன்னால் இருந்த சவிதா சாதாரணமானவர் அல்லர். 2017 ஆசியக் கோப்பை இறுதியில் சீனாவுக்கு எதிரான ஷூட்-அவுட்டைத் தடுத்து வென்றவர். 2021 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோ காலிறுதியில் ஆஸ்திரேலியாவை ஒரு கோல்கூட அடிக்க விடாமல் 1-0 வெற்றியைக் காத்தவர். உலக ஹாக்கி கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த கோல்கீப்பர் விருதை அடுத்தடுத்து மூன்று முறை வாங்கியவர். இவை எல்லாவற்றையும்விட ரஜனியின் வாழ்க்கையைத் தீர்மானித்த விவரம் ஒன்று உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இருவரும் 1990இல் பிறந்தவர்கள்.

வயது இடைவெளியை வைத்து ஒற்றை நாற்காலிகளின் வரலாற்றைப் படித்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. மெட்ராஸில் 1949இல் பிறந்த கிரிக்கெட் விக்கெட் கீப்பர் சையத் கிர்மானி, 1971, 1974 இங்கிலாந்துச் சுற்றுப்பயணங்களில் ஃபரூக் எஞ்சினியரின் நிழலாகப் போய்வந்தார். எஞ்சினியர் பிறந்தது 1938. பதினோரு வயது இடைவெளி என்பதால் காத்திருப்புக்கு ஒரு கணக்கு இருந்தது: 1976 ஜனவரியில் ஆக்லாந்தில் அறிமுகமான கிர்மானி 88 டெஸ்ட் ஆடினார். ஹாக்கியில் 1988இல் பிறந்த பி.ஆர். ஸ்ரீஜேஷுக்குப் பின்னால் நின்ற கிருஷன் பதக் 1997இல் பிறந்தவர். 2024 பாரிஸில் வெண்கலத்தோடு ஸ்ரீஜேஷ் விடைபெற்றபோது பதக்குக்கு வயது 27. கோல்கீப்பருக்கு அது இளமைதான். மூன்று வயது இடைவெளி என்றால் விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹா. 1981இல் பிறந்த தோனிக்குப் பின்னால் 1984இல் பிறந்தவர். 2014 டிசம்பரில் தோனி டெஸ்டிலிருந்து விலகியபோது சாஹாவுக்கு முப்பது. அறிமுகமே 2010 நாக்பூரில், அதுவும் பேட்டராகத்தான். மொத்தம் 40 டெஸ்ட் கிடைத்தது. இடைவெளியே இல்லாத ரஜனிக்கு இரண்டு முனையிலும் இழப்பு. சவிதா உச்சத்தில் இருந்தவரை இடமில்லை. அடுத்த காலத்துக்கு ஆள் தேடியபோது தேர்வாளர்களின் கண் சுமார் பத்து வயது இளையவரான மணிப்பூரின் பிச்சு தேவியின் மேல் விழுந்தது. 2022 உலகக் கோப்பையில் சவிதாவுடன் போனவர் பிச்சு தேவி. சில வாரங்கள் கழித்து பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போனவர் ரஜனி. அங்கே அணி வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மறுபடி பிச்சு தேவி. தேர்வாளரின் பார்வையில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிர்காலத்துக்கு ஆள் தயாரிக்கிறார்கள். சமவயது ரிசர்வுக்கு எதிர்காலம் என்று ஒன்று அந்தக் கணக்கில் இருப்பதே இல்லை.

வலுவான மறுப்பு ஒன்று இங்கே எழும். சிறந்தவர் ஆடுகிறார், அடுத்தவர் உட்காருகிறார், அதுதானே விளையாட்டு? சவிதாவைவிட ரஜனி சிறந்தவர் என்று காட்ட முடியுமா? முடியாது, இந்தக் கட்டுரை அப்படிச் சொல்லவும் இல்லை. டோக்கியோ காலிறுதியில் சவிதாவை எடுத்துவிட்டு வேறு எவரை நிறுத்தியிருந்தாலும் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் 'சிறந்தவர்' என்ற சொல்லுக்குள் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. முதல் ஆளின் தரத்துக்குச் சான்று நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். இரண்டாம் ஆளின் தரத்துக்குச் சான்று பயிற்சி முகாம். ஆடுபவர் ஆடுவதாலேயே தேறுகிறார், தேறுவதாலேயே ஆடுகிறார். தொடக்கத்தில் மயிரிழையாக இருந்த வித்தியாசம் ஐந்து ஆண்டில் மலையாகிவிடும். பிறகு அந்த மலையைக் காட்டியே ஆரம்பத் தேர்வு சரி என்று நிறுவிவிடலாம். 1990 இத்தாலி கால்பந்து உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் நெரி பும்பிடோ இரண்டாவது ஆட்டத்தில் கால் முறிந்து போயிருக்காவிட்டால், யூகோஸ்லாவியாவையும் இத்தாலியையும் ஷூட்-அவுட்டில் தடுத்து நாட்டை இறுதிக்குக் கொண்டுபோன செர்ஜியோ கோய்கோசேயா வரலாற்றில் வெறும் இரண்டாம் ஆள்.

ஆந்திரத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சி விசாகப்பட்டினத்தின் கே.எஸ். பரத். 2015இல் கோவாவுக்கு எதிராக 308 ரன் அடித்து, ரஞ்சிக் கோப்பையில் முச்சதம் கண்ட முதல் விக்கெட் கீப்பரானவர். 2021 நவம்பரில் கான்பூரில் சாஹாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ள, பதினொருவரில் இல்லாத பரத் மாற்று ஆளாகக் கையுறை மாட்டி இரண்டு கேட்ச், ஒரு ஸ்டம்பிங் செய்து காட்டினார். டெஸ்ட் தொப்பி கிடைத்தது 2023 பிப்ரவரியில்; அதற்கும் ரிஷப் பந்தின் கார் விபத்து வேண்டியிருந்தது. ஏழு டெஸ்ட். 2024 பிப்ரவரி ராஜ்கோட்டில் துருவ் ஜுரெல் வந்தார், அடுத்த ராஞ்சி டெஸ்டில் 90 ரன்னும் ஆட்டமிழக்காமல் 39 ரன்னும் எடுத்தார், கதவு மூடிக்கொண்டது. பரத்தின் பேட்டிங் அந்த ஏழு டெஸ்டில் எடுபடவில்லை என்பது உண்மை. ஆனால் பத்தாண்டு காத்திருந்தவருக்கு ஓராண்டு ஜன்னல், அதிலும் பாதி தொடர் எடுபடாவிட்டால் வெளியே என்பது பொறுமைக்கான பரிசு ஆகாது. தினேஷ் கார்த்திக் தப்பித்ததற்குக் காரணம் அவருக்குப் பிற கதவுகள் இருந்ததுதான். 2004இல் அறிமுகமாகி, தோனி வந்ததும் கையுறையை இழந்து, 2007இல் தொடக்க ஆட்டக்காரராகத் திரும்பினார்; 2018 மார்ச் 18 அன்று கொழும்பில் எட்டுப் பந்தில் 29 ரன் அடித்து, கடைசிப் பந்தை சிக்ஸருக்கு அனுப்பினார்; ஐபிஎல்லில் அணி மாறி மாறி ஆடி 2022 டி20 உலகக் கோப்பை வரை வந்தார். விக்கெட் கீப்பர் பேட்டைத் தூக்கிக்கொண்டு வேறு வாசல் வழியாக வரலாம். ஹாக்கி கோல்கீப்பர் பேடைக் கழற்றிவிட்டு ஃபார்வர்டாக வர முடியுமா? டோக்கியோவில் கோவிட் காரணமாக 18 பேர் வரை அனுமதித்தபோது, இந்திய ஆண்கள் அணியின் முதல் 16இல் இல்லாத சிம்ரன்ஜீத் சிங் ஜெர்மனிக்கு எதிரான வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். அந்தத் தளர்வு களத்தில் ஓடும் ஆட்டக்காரருக்குப் பயன்பட்டது. கோல்கீப்பருக்கு அப்போதும் பயன்படவில்லை.

இங்கேதான் ஹாக்கியின் சொந்த விதிப் புத்தகம் நமக்கு உதவிக்கு வருகிறது. ஹாக்கியில் ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. பெனால்டி கார்னர் நடக்கும் நேரம் தவிர எப்போதும் யாரையும் மாற்றலாம், திரும்பவும் கொண்டுவரலாம். ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஓடுகிறது. அதாவது கோல்கீப்பரின் நாற்காலி ஒற்றை நாற்காலியாக இருந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை, அது பழக்கம். ஆண்கள் அணியில் அந்தப் பழக்கத்தை உடைத்துப் பார்த்தார்கள். கிரஹாம் ரீட் பயிற்சியாளராக இருந்தபோது ஸ்ரீஜேஷும் பதக்கும் பகுதிக்குப் பகுதி மாறி மாறி நின்றார்கள். 2023 ஒடிஷா உலகக் கோப்பையிலும் அப்படியே. ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற அன்று இந்தியக் கோல் ஆளில்லாமல் போகாததற்கு இதுவே காரணம். சொல்லப்போனால் ஸ்ரீஜேஷே அப்படி வளர்ந்தவர்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா 16 பேரில் இரண்டு கோல்கீப்பர்களைக் கொண்டுபோனது: கேப்டன் பரத் சேத்ரி, இளம் ஸ்ரீஜேஷ். அந்த அணி 12ஆவது, அதாவது கடைசி இடம் பிடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். களத்தில் ஓட ஒரு ஆள் குறைந்ததால் வந்த வினை என்று வாதிடுவோர் உண்டு. எல்லா ஆட்டமும் தோற்ற அணிக்கு ஒரு மாற்று ஆட்டக்காரர் கூடுதலாக இருந்து என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் அன்று கொடுத்த இடத்தின் பலன் 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் தங்கமாகவும், 2021லும் 2024லும் ஒலிம்பிக் வெண்கலங்களாகவும் வந்தது.

தொடர்ச்சி கெடும், பின்காப்பு ஆட்டக்காரர்களுக்கும் கோல்கீப்பருக்கும் உள்ள புரிதல் சிதறும் என்பது அடுத்த மறுப்பு. ஒலிம்பிக் அரையிறுதியில் இது சரியான கவலை. ஆனால் ஆண்டு முழுவதும் அரையிறுதி நடப்பதில்லை. பன்னாட்டு ஹாக்கித் தொடரான புரோ லீக்கில் ஒரு பருவத்துக்கு ஒரு அணி 16 ஆட்டம் ஆடுகிறது; பகுதிகளாக எண்ணினால் 64. அதில் கால்வாசியை இரண்டாம் கோல்கீப்பருக்குக் கொடுத்தாலே நான்கு முழு ஆட்டத்தின் நேரம் கிடைத்துவிடும், முதல் ஆளுக்கு 48 பகுதி மிச்சமிருக்கும். இழப்பு மிகச் சிறியது, தெரிந்துகொள்வது மிக அதிகம்.

மஸ்கட்டைக் காட்டி வரும் மறுப்புதான் எனக்குச் சுவாரசியமானது. ஐவர் ஹாக்கி சின்னத் திடலில் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் ஆட்டம். அதில் கேப்டனாவதும் வெள்ளி வெல்வதும் பதினொருவர் ஹாக்கிக்கு ஈடாகுமா, அதை நட்சத்திர நிலை என்று சொல்லலாமா? ஈடாகாது என்று ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. அதே மாதம், 2024 ஜனவரி 19 அன்று ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று இந்திய மகளிர் பாரிஸ் வாய்ப்பை இழந்தார்கள். நாடு அழுதது அதற்குத்தான், சில நாள் கழித்து மஸ்கட்டில் கிடைத்த வெள்ளிக்குக் கைதட்டியவர்கள் சொற்பம். ஆனால் கோல்கீப்பரின் வேலையை அளக்க ஐவர் ஹாக்கி மட்டமான கருவி அல்ல. வட்டத்துக்குள் வந்துதான் அடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதில் இல்லை. திடலின் எந்த மூலையிலிருந்தும் பந்து வரும், ஓரப் பலகைகளில் பட்டும் திரும்பும், கோல்கீப்பருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. போலந்தை 5-4, அமெரிக்காவை 7-3, நமீபியாவை 7-2 என்று குழுவில் வென்று, காலிறுதியில் நியூசிலாந்தை 11-1, அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை 6-3 என்று முடித்த அணி அது. இறுதியில் நெதர்லாந்து 7-2 என்று நசுக்கியது. நெதர்லாந்து மகளிர் யாரையும் அப்படித்தான் செய்வார்கள். ரஜனி இந்த வடிவத்தில் திடீரென்று முளைத்தவரும் அல்லர். 2022 ஜூனில் லோசானில் நடந்த பன்னாட்டு ஐவர் போட்டிக்கும் அவர்தான் கேப்டன். அங்கே அணி சோபிக்கவில்லை, ஆனால் ஒன்று நிரூபணமானது: புதிதாக ஒரு நாற்காலி போட்டவுடன், பதினொருவர் அணியில் இரண்டாம் ஆளாக எழுதப்பட்டிருந்தவர் அதில் தலைவராகவே உட்கார முடிந்தது. 2018 லண்டன் உலகக் கோப்பைக்கும் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு வெள்ளிக்கும் பெஞ்சிலிருந்து சாட்சியாக இருந்தவரிடம் தலைமைக் குணம் மஸ்கட் விமானத்தில் ஏறும்போதா வந்திருக்கும்?

சொந்த மாநிலத்தின் பங்கையும் பேசியாக வேண்டும். டோக்கியோ முடிந்து திரும்பிய ரஜனியை 2021 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி அழைத்துப் பாராட்டினார். 25 லட்சம் ரூபாய், மாதம் 40,000 ரூபாய், திருப்பதியில் 1,000 சதுர கஜ மனை, குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை என்று அறிவிப்பு வந்தது. களத்தில் இறங்காத ரிசர்வ் வீராங்கனைக்கு இவ்வளவா என்று முணுமுணுத்தால் அது அற்பத்தனம். ரிசர்வின் உழைப்பை ஒரு அரசு மதித்தது நல்ல செய்திதான். ஆனால் பரிசு வேறு, வாய்ப்பு வேறு. மனையும் வேலையும் ஒரு குடும்பத்தை நிமிர்த்தும். கோலுக்கு முன்னால் ஒரு நிமிடத்தைக்கூடத் தராது. ஹரியாணா, ஜார்க்கண்ட், ஒடிஷா, மணிப்பூர் என்று சுழலும் மகளிர் ஹாக்கி வரைபடத்தில் ஆந்திரத்தின் பெயரைச் சொல்ல ரஜனியைத் தவிர அதிகம் பேர் இல்லை என்பதே அந்த மாநிலத்தின் உள்ளூர் ஆட்டம் எவ்வளவு மெலிந்தது என்பதைச் சொல்கிறது. அமெரிக்க பர்ரோவுக்கு லூசியானா இருந்தது. தேசிய அணியில் இரண்டாம் ஆளாக இருப்பவர் வாரம்தோறும் முதல் ஆளாக நிற்க வலுவான உள்நாட்டு லீக் வேண்டும். மகளிருக்கான ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியது 2025 ஜனவரியில், நான்கே அணிகளோடு. நான்கு கோல், அவற்றுக்கு வெளிநாட்டுக் கோல்கீப்பர்களும் போட்டி. ரஜனிக்கு அப்போது 34 வயது நடந்துகொண்டிருந்தது. பந்து வீச்சாளர்களும் பேட்டர்களும் டஜன் கணக்கில் சந்தைக்கு வந்துபோகும் ஐபிஎல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நான்கு அணி லீக் திறந்த கதவு போலத் தெரியலாம். ஒற்றை நாற்காலிக்காரருக்கு அது சாவித் துவாரம்.

கதவுகளை அதிகமாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவே எச்சரிக்கை என்பார்கள். அங்கே இப்போது ஒரு பருவம் உட்காரவைத்தாலே குவார்ட்டர்பேக்குகள் கிளம்பிவிடுகிறார்கள். நான்கு ஆண்டில் மூன்று பல்கலைக்கழகம் என்பது வாடிக்கையாகிவிட்டது. பயிற்சியாளர்கள் அணியைக் கட்டுவதைவிட ஆளைத் தக்கவைப்பதிலேயே காலம் கழிக்கிறார்கள். இந்தக் குறை உண்மை. ஆனால் கதவு அளவுக்கு மீறித் திறந்திருக்கும் வீட்டின் நோயைக் காட்டி, ஜன்னலே இல்லாத வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த முடியாது. இந்திய ஹாக்கி கேட்பதும் அவ்வளவு பெரிய சுதந்திரம் அல்ல. தரவரிசை ஆபத்தில்லாத ஆட்டங்களில் பகுதிகளைப் பகிர்வதை முன்கூட்டியே அறிவித்துச் செய்யலாம். உள்நாட்டு லீக்கில் அணிக்கு ஒரு இந்தியக் கோல்கீப்பராவது குறிப்பிட்ட நேரம் ஆட வேண்டும் என்று விதிக்கலாம். தெற்கே ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் நான்கும் சேர்ந்து மகளிர் போட்டித் தொடர் ஒன்றை ஆண்டுதோறும் நடத்தினால், சித்தூரிலும் வேலூரிலும் பேடு கட்டும் பெண்ணுக்கு ராஞ்சிக்கும் ரூர்கேலாவுக்கும் போகாமலே நிற்க ஒரு கோல் கிடைக்கும். இவற்றில் எதுவுமே சவிதா போன்றவரின் இடத்தைப் பறிக்காது.

ஒருவரின் பாதையை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. ரஜனி ஒருவர்தான், ஆனால் கிர்மானி, சாஹா, கார்த்திக், பரத், ஸ்ரீஜேஷ், பதக் என்று வேறு வேறு காலத்து, வேறு வேறு ஆட்டத்து ஆறு பேரையும் பக்கத்தில் வைத்தபோதும், யார் அதிகம் பொறுத்தார் என்பதைக் கொண்டு அவர்கள் பெற்றதை விளக்க முடியவில்லை. பகிரப்பட்ட நேரம், மாற்று வாசல், முன்னவரோடு வயது இடைவெளி என்ற மூன்றைக் கொண்டு ஏறக்குறைய எல்லாவற்றையும் விளக்க முடிகிறது. பொறுமை எல்லோரிடமும் இருந்தது. ரியோ பட்டியல் வெளியான 2016 ஜூலையில் ரஜனிக்கு வயது 26. உலகக் கோப்பையில் கேப்டனாக மஸ்கட் திடலில் இறங்கியபோது 33.